மாடிக்குப் போகும் 22 படிகள்

எங்கள் பனியன் கம்பெனியில் கீழே கட்டிங்கும் தையலும், மாடியில் செக்கிங், அயர்னிங், பேக்கிங். மாடிக்கு 22 படிகள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவற்றை நான் எண்ணியதே இல்லை. நாற்பதை நெருங்கிய வயதில், பதினோராவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டி வந்த பிறகுதான் எண்ணத் தொடங்கினேன்.

திருப்பூரில் ‘ஒன்றரை ஷிப்ட்’ என்றால் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே. பெருமாநல்லூர் பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிறவள் நான். நாலரைக்கு எழுந்தால்தான் சோறாக்கி, பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டி, ஏழரைக்கு ரோட்டில் நிற்க முடியும். இவ்வளவு வேலை செய்தால் அசதி வராமல் இருக்குமா என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்வேன். “பொம்பள ஒடம்புன்னா அலுக்கத்தான் செய்யும்” என்று அம்மாவும் சொல்வார். காலமெல்லாம் காட்டுவேலை பார்த்த அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

ஆனால் இந்த அசதி ஞாயிற்றுக்கிழமையும் போகவில்லை. பத்து மணி வரை தூங்கி எழுந்தாலும் கை கால் கனத்துக் கிடக்கும். உழைத்த அலுப்பு தூங்கினால் தீர வேண்டும். தூங்கியும் தீராத ஒன்று உடம்பில் இருந்தால் அதற்கு வேறு காரணம் உண்டு என்று எனக்குச் சொல்ல யாரும் இல்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

செக்கிங் சூப்பர்வைசராக அந்த நாட்களில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த ஒரு பெண், இருபது வயது இருக்கும், என் டேபிளில் செக்கிங் பார்த்தாள். நேவி ப்ளூ டி-சர்ட் ஓடிக்கொண்டிருந்தது. அடர்ந்த நிறத்தில் ஊசி ஓட்டையும் எண்ணெய்க் கறையும் கண்ணுக்குச் சீக்கிரம் படாது. மதியத்துக்கு மேல் அவள் விட்ட பீஸ்கள் பேக்கிங்கிலிருந்து திரும்பி வந்தன. போய்ப் பார்த்தால் டேபிளில் இடுப்பைச் சாய்த்து நிற்கிறாள். “தூங்கறதுன்னா ஊட்டுல தூங்கு, இங்க எதுக்கு வர்ற?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். “தூக்கமில்லீங்க்கா, அசதியா இருக்குது” என்றாள். இரண்டே வாரத்தில் நின்றுவிட்டாள். அவள் பெயருக்கு எதிரே ‘வேலையில் கவனம் இல்லை’ என்று ரெஜிஸ்டரில் எழுதியது நான்தான்.

அடுத்த சில மாதங்களில் கம்பெனியில் ரத்ததான முகாம் நடந்தது. சூப்பர்வைசர் முன்னால் போனால் மற்றவர்களும் வருவார்கள் என்று முதல் ஆளாகப் போனேன். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்த நர்ஸ் என்னை உட்காரச் சொன்னார். ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும், எனக்கு 8.6. “ஏனுங்க்கா, மாடி ஏறுனா மூச்சு வாங்குதுங்களா? அரிசி, சாம்பல்னு ஏதாச்சும் திங்கத் தோணுதுங்களா?” என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரிசி புடைக்கும்போது ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்வது எனக்குப் பல வருடப் பழக்கம். பச்சை அரிசி தின்றால் ரத்தம் சுண்டிப்போகும் என்று அம்மா திட்டுவார். நிஜத்தில் பல பேருக்கு ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவதால்தான் அந்த ஆசையே வருகிறதாம்.

அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா முதலில் கேட்டது மாதவிலக்கைப் பற்றி. ஏழெட்டு நாள் போகும், கட்டி கட்டியாகப் போகும் என்றேன். இவ்வளவு நாளாக ஏன் சொல்லவில்லை என்றார். அம்மாவுக்கும் அப்படித்தான் என்பதால் எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி தெரிந்தது. ரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரை, கூடவே இரும்புச்சத்து மாத்திரை. தைராய்டும் சர்க்கரையும் பார்த்தார்கள், இரண்டும் சரியாக இருந்தன.

ரத்தம் குறைந்தால் ஏன் மூச்சு வாங்குகிறது என்பதை என் பிரிவுப் பெண்களுக்கு எங்கள் வேனை வைத்துச் சொல்வேன். ஹீமோகுளோபின்தான் ஆக்சிஜனைச் சுமக்கிற சீட்டு. இருபது பேர் வரவேண்டிய இடத்தில் பன்னிரண்டு சீட்டு வேன்தான் இருக்கிறது என்றால், அது கூடுதல் நடை அடிக்க வேண்டும். இதயம் அந்தக் கூடுதல் நடையைத்தான் அடிக்கிறது. படியில் நெஞ்சு படபடப்பது அதனால்தான்.

முதல் மாதம் மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் 8.9-ஐத் தாண்டவில்லை. எப்படிப் போடுகிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டபோது, பதினோரு மணி டீயோடு என்றேன். டீயில் உள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. மதியச் சோறு முடிந்த கையோடு டீ குடிப்பதும் அப்படித்தான். கீரையில் இருக்கும் இரும்பையும் அது விடாது. அன்றிலிருந்து டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளி வைத்தேன். மாத்திரையை எலுமிச்சைத் தண்ணீரோடு போட்டேன். மலம் கறுப்பாகப் போகும், சிலருக்கு மலச்சிக்கலும் வரும். பயந்துபோய்ப் பலர் நிறுத்துவது இந்த இடத்தில்தான், நிறுத்தக் கூடாது. மூன்று மாதத்தில் 11.8 வந்தது. அதற்குப் பிறகும் மூன்று மாதம் சாப்பிடச் சொன்னார்கள், உடம்பின் இருப்பு நிரம்ப வேண்டும் என்பதற்காக.

சாப்பாடு முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. அம்முச்சி (அம்மாவின் அம்மா) ஊட்டில் கம்பஞ்சோறும் கொள்ளுப் பருப்பும் முருங்கைக்கீரையும் சாதாரணச் சாப்பாடு. தீட்டிய ரேஷன் அரிசியை விடக் கம்பில் இரும்பு அதிகம். வாரத்தில் மூன்று நாள் எங்கள் ஊட்டில் கம்பு திரும்பி வந்துவிட்டது. ஆனால் 8.6-இல் நிற்கிறவளிடம் பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் சாப்பிட்டால் போதும் என்று சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அந்த அளவுக்கு மருந்து வேண்டும், ரத்தம் எங்கே போகிறது என்று பார்க்கவும் வேண்டும். ஐநூறு ரூபாய் ‘எனர்ஜி’ பவுடர் டப்பா வாங்கி, சனிக்கிழமைச் சம்பளத்தில் துண்டு விழுந்து நிற்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்.

ரத்தம் ஏறியதும் படி ஏறுவது சுலபமாயிற்று. ஆனாலும் மூன்று மணிக்குக் கண் சொக்கும். அந்த நேரத்தில் கொஞ்சம் மந்தம் எல்லோருக்கும் இயல்பு, சாப்பிடாவிட்டாலும் வரும். எனக்கு அதை மோசமாக்கியது தூக்கக் குறைவு. எட்டரைக்கு விட்டு, ஒன்பதரைக்கு ஊடு சேர்ந்து, சாப்பிட்டுப் பாத்திரம் கழுவினால் பதினொன்று. எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வாரம் பத்து நாளைக்கு ஒருமுறை, அதுவும் ராத்திரியில்தான் விடுவார்கள். இவை என் கையில் இல்லை. கையில் இருந்தவை இரண்டு. படுத்தபின் பார்க்கும் போன், அப்புறம் ஆறரை மணி டீ. டீயில் இருக்கும் காஃபீனில் பாதி, ஐந்து மணி நேரம் கழிந்தும் உடம்பில் இருக்கும். ஆறரைக்குக் குடித்தால் பதினொன்றரைக்கும் பாதி மிச்சம். அந்த டீயை விட்டுவிட்டு, கடலை உருண்டையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டேன். முதல் வாரம் தலைவலித்தது, அப்புறம் படுத்ததும் தூக்கம் வந்தது.

தண்ணீர் என்றதும் டோக்கன் ஞாபகம் வருகிறது. பாத்ரூம் போக என் பிரிவுக்கு இரண்டு டோக்கன். இரண்டும் என் டேபிளில் இருக்கும், கேட்டு வாங்கிப் போக வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டே பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். சிமெண்ட் ஷீட் கூரை, சித்திரை வெயில், நாள் முழுக்க நின்ற வேலை. உடம்பில் தண்ணீர் வற்றினால் தலைவலி, மயக்கம், கவனச் சிதறல், நீர்க்கடுப்பு. எத்தனையோ பேரை நானே அப்படி வைத்திருந்தேன். மேனேஜரிடம் போய், ஒரு மாதம் டோக்கன் இல்லாமல் விட்டுப் பார்க்கலாங்க, பீஸ் குறைஞ்சா என்னக் கேளுங்க என்றேன். பீஸ் குறையவில்லை. டோக்கனும் திரும்பி வரவில்லை.

இன்னொன்றும் செய்தேன், இதற்கு யாரிடமும் அனுமதி தேவைப்படவில்லை. கறுப்பு, நேவி பீஸ்களை முற்பகலில் போட்டேன். வெள்ளை, வெளிர் நிறங்களை மதியத்துக்கு மேல். மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் பீஸ் கட்டுகளை எடுத்துக்கொண்டு அவரவரே நடந்து போய் வைத்துவிட்டு வரச் சொன்னேன். ஒரே இடத்தில் நின்றால் ரத்தம் காலில் தேங்கும், நடந்தால் கெண்டைக்கால் சதை அதை மேலே தள்ளும். இதெல்லாம் ஒன்றரை ஷிப்டைச் சரிசெய்துவிடாது. பன்னிரண்டு மணி நேரம் பன்னிரண்டு மணி நேரம்தான். அதைப் பற்றி எனக்குக் கோபம் இருக்கிறது.

2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை என்கிறது. சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸை வரவழைத்து என் பிரிவில் எல்லோருக்கும் பார்த்தபோது, எங்கள் டேபிள்களிலும் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை எல்லையான 12-க்குக் கீழேதான் இருந்தார்கள். அதில் இரண்டு பேரை, நான் திட்டிய நாள்கூட எனக்கு ஞாபகம் இருந்தது.

அன்று சாயங்காலம் பழைய ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். ஒட்டன்சத்திரத்துப் பெண்ணின் பெயருக்கு எதிரே என் கையெழுத்து அப்படியே இருந்தது. போன் நம்பரை அழைத்தேன், உபயோகத்தில் இல்லை. விலாசம் இருந்த இடத்தில் ஊர்ப் பெயர் மட்டும். அயர்னிங்கில் இருக்கும் ஒருத்திக்கு அதற்குப் பக்கத்து ஊர். பொங்கலுக்குப் போகும்போது விசாரித்துக் கொடுக்கச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ‘கண்ணு, அன்னிக்கு நான் பேசுனது தப்பு. ஒருக்கா ஆஸ்பத்திரியில ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாரு. வேலை வேணும்னா வா, அக்கா இங்கதான் இருக்கறேன்.’ கீழே என் நம்பரையும் எழுதியிருக்கிறேன்.