யாரிடம் போய்க் கேட்பது?

அப்பா காலத்தில் விடிவதற்கு முன்பே தமிழ்ப் பத்திரிகைக் கட்டு எங்கள் கடை வாசலுக்கு வந்துவிடும். கோலாலம்பூரில் அச்சாகி, இருட்டோடு இருட்டாக வேனில் பேராக் மாநிலத்திலிருக்கும் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டுக்கு வரும். அப்பா பாக்குவெட்டியால் கயிற்றை அறுப்பார். மத்தியானம் ரப்பர் பால் நிறுத்துவிட்டு வருகிறவர்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்து, "இன்னைக்கு யாரு போயிட்டா, படிங்கண்ணே" என்பார்கள். மரண அறிவிப்புதான் முதலில். அரசியல் எல்லாம் அப்புறம்.

எங்கள் பாட்டி இறந்தபோது வந்த அறிவிப்பில் பெரியப்பா பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று அச்சாகிவிட்டது. உயிரோடு இருக்கிற மனிதர்! வீட்டில் பெரியம்மா அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. எங்கள் வட்டார நிருபர் பகலில் தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கர்; செய்தி எழுதுவது ஓய்வு நேரத்தில். அன்று சாயங்காலமே மோட்டார் சைக்கிளில் வந்தார். உள்ளே வரத் தயங்கி வாசலிலேயே நின்று, பெரியப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் திருத்தம் வந்தது, காசு வாங்காமல்.

அந்தக் காலத்துப் பத்திரிகைகள் சுத்தத் தங்கம் என்று நான் சொல்லவில்லை. கட்சிக்குள் சண்டை என்றால் ஒன்று ஒரு தலைவரைத் தூக்கும், இன்னொன்று அவரையே தாக்கும். அப்பா இரண்டையும் படித்துக் காட்டிவிட்டு, "நடுவுல எங்கயோ இருக்கு உண்மை" என்பார். ஆனால் எழுதியவர் யார், எங்கே இருக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். தப்பாக எழுதினால் மறுநாள் அதே கடையில்தான் அவர் தேநீர் குடிக்க வேண்டும்.

பிறகு ரப்பர் போய், எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்தது. நம் சனங்கள் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிபோனார்கள். தோட்டத்து வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். எங்கள் கடையில் அறுபது பிரதி விற்ற இடத்தில் இப்போது எட்டு. அந்த நிருபர் ஓய்வு பெற்ற பிறகு அவர் இடத்துக்கு யாருமே வரவில்லை. என்னைக் கேட்டால், எங்கள் ஊரில் பத்திரிகை மேல் இருந்த நம்பிக்கை குறையத் தொடங்கியது அன்றைக்குத்தான். 1896இல் தொடங்கிய மலாய் மெயில் என்ற ஆங்கிலப் பத்திரிகை 2018 டிசம்பரில் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போனது. 2019 பிப்ரவரியில் தமிழ் நேசன் நின்றது. 1924இல் பிறந்த பத்திரிகை. நூறைத் தொட ஐந்து வருடம்தான் பாக்கி. கடைசிப் பிரதியை அப்பா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

இப்போது செய்தி புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், வருகிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு படம் சுற்றியது: தவணைக்குச் சேலை விற்கிற ஒரு பெரியவர், மோட்டார் பின்னால் மூட்டையோடு. கீழே, 'பிள்ளை பிடிக்கிறவன், ஜாக்கிரதை.' முப்பது வருடமாக எங்கள் பக்கம் வருகிறவர். என் கல்யாணச் சேலையே அவரிடம் எடுத்ததுதான். ஒரு தாமானில் இளைஞர்கள் அவரைச் சூழ்ந்து மூட்டையைப் பிரித்துக் கொட்டிவிட்டார்கள். சேலைகளில் செம்மண் ஒட்டியிருக்க, நேராக என் கடைக்கு வந்தார். தண்ணீர் கொடுத்தேன். கை நடுங்கி பாதி சட்டையில் சிந்தியது. "இத யாருகிட்டம்மா போய் மாத்தச் சொல்றது?" என்றார்.

அரசாங்கம் 2017இல் தொடங்கிய 'செபெனார்ஞா' என்ற சரிபார்ப்புத் தளம் இருக்கிறது. பெரும்பாலும் மலாயில்தான். எங்கள் ஊர் சேலைக்காரரைப் பற்றி அதில் யார் எழுதப் போகிறார்கள்?

அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று நானே தேடிப் பார்த்தேன். எனக்கு அனுப்பியது என் நாத்தனார் மகள். அவளுக்குப் பள்ளிப் பெற்றோர் குழுவிலிருந்து வந்தது. அந்தக் குழுவில் போட்ட அம்மாவுக்கு அவருடைய தம்பி அனுப்பியிருக்கிறார். தம்பியைக் கேட்டால், "யாரோ போட்டாங்கக்கா, நல்லதுக்குத்தானேன்னு அனுப்பினேன்." அதோடு கயிறு அறுந்துபோனது. மூன்று பேருமே நல்லவர்கள். ஒருவர்கூட சேலைக்காரர் வீட்டு வாசலில் போய் நிற்கவில்லை.

அவர் இப்போது வியாபாரத்துக்கு வருவதில்லை. போன மாதம் அதே படம் வேறொரு குழுவில் வந்தது, வேறு ஊர்ப் பெயரோடு. அதற்குக் கீழே நான் எழுதினேன்: "இவரை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். இது பொய். சந்தேகம் இருந்தால் என் கடைக்கு வந்து கேளுங்கள்." என் பெயரையும் கடை முகவரியையும் சேர்த்தே போட்டேன்.