டாஷ்போர்டில் வீட்டு சுவிட்ச்

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நிற்கிறோம். மாமா ஸ்டீயரிங்குக்குக் கீழே கைவிட்டு எதையோ தட்டினார். ரேடியேட்டர் ஃபேன் விர்ரென்று சுற்றியது.

டியூப்லைட்டுக்குப் போடுகிற அதே வெள்ளை சுவிட்ச்!

"சென்சார் போச்சுடா. மெக்கானிக் டைரக்டா குடுத்துட்டான்."

வண்டி ஓடினால் எதிர்க்காற்றே போதும். நின்றால்தான் ஃபேன் வேண்டும். இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் 95 டிகிரி வாக்கில் வந்ததும் ரிலேவை (சின்ன கரன்ட்டால் பெரிய கரன்ட்டை ஆன்-ஆஃப் செய்கிற சுவிட்ச்) போட்டு, சூடு இறங்கியதும் நிறுத்துவது சென்சாரின் வேலை. இப்போது அந்த டியூட்டி மாமாவுக்கு. (கேஸ் அடுப்பையே அணைக்க மறக்கிற மனுஷன்.)

அது 6 ஆம்பியர் சுவிட்ச். ஃபேன் சுலபமாக 10-ஐத் தாண்டும். தொட்டுப் பார்த்தேன், சுட்டது.

வடசென்னை டிராஃபிக்கில் ஓடுகிற பழைய வண்டிக்கு கையில் ஒரு சுவிட்ச் இருப்பது நல்லதுதான். ஆனால் ரிலே, ஃபியூஸ் வழியாக, புது சென்சாருக்குத் துணையாக இருக்கட்டும்.