பிரீலோடை இறுக்கினால் ஸ்பிரிங் மாறாது

கொடைக்கானல் மலையில் கூக்கால் பக்கம் மண் ரோட்டில் வண்டி ஓட்டும் தம்பிகள் அடிக்கடி கேட்பது இதுதான்: பின் ஷாக் கடைசி வரை போய் டங்கென்று இடிக்குது, பிரீலோடை இன்னும் இறுக்கலாமாண்ணே? பிரீலோட் என்றால் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு. இறுக்கினால் சீட் உயரும், ஸ்பிரிங்கின் பலம் அதேதான்.

முதலில் அளங்கள். பின் சக்கரம் தரையில் படாமல் வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஆக்சிலிலிருந்து நேர் மேலே பாடியில் ஒரு புள்ளி வரை டேப் பிடியுங்கள். அப்புறம் ஹெல்மெட், பூட்ஸ், பை எல்லாம் மாட்டிக்கொண்டு ஏறி உட்காருங்கள், இன்னொருவர் அளக்கட்டும் (பூம்பாறையிலிருந்து பூண்டு மூட்டை கட்டி வருகிறவர் மூட்டையோடே உட்கார வேண்டும், வேறு வழியில்லை). இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் இறக்கம். அது மொத்த டிராவலில், அதாவது சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய முழுத் தூரத்தில், மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்கணும். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக்குக்குப் பின்னால் 170 மி.மீ., அப்படியென்றால் சுமார் 55. பிரீலோடை வைத்து அதைக் கொண்டுவந்துவிட்டு, மூட்டை முடிச்சை இறக்கி, ஆளில்லாமல் அளங்கள். வண்டி தன் எடைக்குக்கூட இறங்காமல் விறைப்பாக நின்றால் ஸ்பிரிங் உங்களுக்கு ரொம்ப சாஃப்ட், ஹார்டானது வாங்குங்கள். நிறைய இறங்கினால் நேர்மாறு.

ஹார்டு ஸ்பிரிங் வேகமாகத் திருப்பி உதைக்கும், அதனால் ரீபவுண்டையும் (அமுங்கிய ஷாக் திரும்பி நீளும் வேகத்தைத் தடுக்கும் டேம்பிங்) கொஞ்சம் கூட்டணும். அதற்குத் திருகே இல்லாத ஷாக் என்றால் செலவைக் கூட்டிக் கணக்குப் போடுங்கள்.