சாகவில்லை என்பது போதுமா?

நாங்கள் உருவாக்கும் வீடியோ கேமில், ஆள் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் ராட்சத ரோபோக்களான 'மெக்'குகள் அணியணியாக மோதும். அதில் மின்கருவிகளை முடக்கும் இ.எம்.பி. ஆயுதம் பட்டால், எடை குறைந்த லைட் மெக் 0.8 விநாடியும் மிகக் கனமான அசால்ட் மெக் 2 விநாடியும் முடங்க வேண்டும் என்று நான் போட்ட அட்டவணையை இன்றும் தவறு என்று சொல்ல மாட்டேன். அதைப் பற்றி, கேமை ஆடிச் சோதிக்கும் எங்கள் டெஸ்டர் கேட்டதற்கு நான் சொன்ன பதில்தான் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கணக்கில் குழப்பம் எதுவும் இல்லை. மணிக்கு 120 கிலோமீட்டர் ஓடும் லைட், 2 விநாடியில் சுமார் 67 மீட்டர் கடந்துவிடும். அதற்கு அந்த ஓட்டம்தான் கவசம். ஓட்டம் நின்றுபோனால், எதிரே இருப்பவர் எல்லா ஆயுதங்களையும் ஒருசேரச் சுட்டு ஒரு காலை எடுத்துவிடுவார். 54 கிலோமீட்டரில் நகரும் அசால்ட் அதே நேரத்தில் இழப்பது 30 மீட்டர்தான். அடியை மார்புக் கவசம் வாங்கிக்கொள்ளும். ஆகவே, முடங்கிக் கிடக்கும்போது ஒரு மெக் தன் கவசத்தில் இழக்கும் சதவீதம் எல்லா எடைப் பிரிவுகளிலும் ஏறத்தாழ ஒன்றாக வரும்படி நேரத்தைப் பிரித்தேன்.

டெஸ்டர் எப்போதும் அசால்ட் ஓட்டுபவர். "அண்ணா, லைட்டுக்கு ஓடுறதுக்கு வேகம் இருக்கு. எனக்கு இருக்கிறது சுடுறது மட்டும்தான். அதையும் ரெண்டு செகண்ட் பூட்டிட்டா நான் அங்க எதுக்கு?" என்றார். நான் சதவீதத்தைக் காட்டி, "நீ சாகலையேப்பா" என்றேன். "சாகலதான்" என்று சொல்லிவிட்டு கேமின் அடுத்த பில்டை (சோதனைப் பதிப்பை) ஓட்டப் போய்விட்டார்.

அவர் கேட்டது உயிரைப் பற்றி அல்ல, ஓட்டுபவர் கையில் ஏதாவது மிஞ்சுகிறதா என்பதைப் பற்றி என்பது எனக்கு அப்போதே தெரியும். 'மெக்வாரியர் ஆன்லைன்' என்ற மெக் விளையாட்டு 2012இல் மூடிய பீட்டாவில் (அழைக்கப்பட்டவர்கள் மட்டும் ஆடும் சோதனைக் கட்டத்தில்) இருந்தபோது, மோதினால் மெக்குகள் கீழே விழும். 'டிராகன்' என்ற 60 டன் மெக்கை எடுத்துக்கொண்டு எதிரிகளை இடித்துத் தள்ளுவதையே சிலர் தொழிலாக வைத்திருந்தார்கள். பீட்டா முடிவதற்குள் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். பின்னர் அந்த விளையாட்டில் நிலைத்தவை வேறு வகையானவை: பி.பி.சி. என்ற துகள் பீரங்கி பட்டால், எதிரியின் ரேடாரைக் குழப்பும் இ.சி.எம். கருவி மட்டும் சில விநாடிகள் செயலிழக்கும். சுடச் சுட மெக் சூடாகும், வெப்பம் எல்லை மீறினால் அணைந்துவிடும்; ஆனால் தீயை உமிழும் ஃபிளேமர் எதிரியின் வெப்பத்தை 90 சதவீதத்துக்கு மேல் ஏற்றாது. மிச்சமுள்ள 10 சதவீதத்தில் சுடுவதா, பொறுப்பதா என்ற முடிவு ஓட்டுபவரிடமே இருக்கிறது. எங்கள் இ.எம்.பி. அப்படி எதையும் மிச்சம் வைக்கவில்லை.

2023இல் வந்த 'ஆர்மர்ட் கோர் 6' என்ற மெக் விளையாட்டு வேறு வழியில் போகிறது. அதில் அடி சேரச் சேர ஒரு பட்டை நிரம்பும். நிரம்பிய பிறகே மெக் நிலைகுலையும். பொதுவாகக் கனமான உடலுக்குப் பட்டை நிரம்ப அதிக அடி தேவை. அதாவது, எடை அங்கே நிலைகுலைவதைத் தள்ளிப்போடுகிறது. என் அட்டவணையிலோ, முடங்கிய பிறகு இன்னும் நெடுநேரம் கிடக்க வைக்கிறது. ஆனால் அந்தப் பட்டை முறை ஒருவருக்கு ஒருவர் மோதும் ஆட்டத்துக்குப் பொருந்தும். அணி ஆட்டத்தில் மெதுவாக நகர்பவன் மீதுதான் எல்லோருடைய குண்டும் விழுகிறது. எவ்வளவு பெரிய பட்டையைக் கொடுத்தாலும் முதலில் நிரம்புவது அவனுடையதாகத்தான் இருக்கும். இந்த வாதத்தை நான் நம்புகிறேன். அன்று டெஸ்டரிடம் அதைச் சொல்லாமல், சதவீதத்தை மட்டும் ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. வாதத்தை எதிர்த்துப் பேசலாம், எண்ணை எதிர்த்துப் பேசுவது கடினம் என்பதனாலோ என்னவோ.

முடங்கியிருக்கும்போது மெக்கின் மேலுடலை மட்டும் திருப்ப விடலாம் என்று ஒரு மாற்றத்தை இப்போது எழுதி வைத்திருக்கிறேன். சுட முடியாவிட்டாலும், அடியை எந்தத் தோளில் வாங்குவது என்பதையாவது ஓட்டுபவர் முடிவு செய்யலாம். ஆனால் திரும்பத் தெரிந்த அசால்ட் ஓட்டுநர் அடியைப் பிரித்து வாங்கிக்கொள்வார். அவருடைய இழப்பு குறையும். என் கணக்குப்படி அந்த 2 விநாடியை 2.4 ஆக்க வேண்டிவரும். அதை அந்த டெஸ்டரிடம் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும்; இன்னும் கொடுக்கவில்லை.