டி1-ஐயும் டி2-ஐயும் சேர்த்தால் சட்டையில்தான் எண்ணெய்

எங்கள் பட்டறையில் டிராக்டர், பேக்ஹோ ஹோஸ்களுக்கு ஹைட்ராலிக் குயிக் கப்ளிங், அதாவது எண்ணெய் ஹோஸைச் சட்டென்று மாட்டிக் கழற்றும் இணைப்பு, செய்கிறோம். கழற்றி வெயிலில் போட்ட ஹோஸுக்குள் எண்ணெய் சூடேறி அழுத்தம் கூடிவிடும். உள்ளே 100 பார் அழுத்தம் இருந்தால், மறுபடி மாட்டும்போது கப்ளிங்கின் வாயை அடைத்திருக்கும் 12 மி.மீ. வால்வை (பாப்பெட்) உள்ளே தள்ள ஏறக்குறைய 115 கிலோ விசை வேண்டும். கையால் ஆகிற காரியமா? நட்டைத் தளர்த்தி எண்ணெயை மண்ணில் பீய்ச்சவிட்டுத்தான் மாட்டுவார்கள். அந்த அழுத்தத்தை இறக்க, நான் பாப்பெட்டின் நடுவில் ஒரு பின் தள்ளித் திறக்கும் 3 மி.மீ. குட்டி வால்வு ஒன்று வைத்தேன். அதைத் திறக்க 7 கிலோ போதும்.

காப்புரிமைக்கு விண்ணப்பித்தேன். முதல் பரிசோதனை அறிக்கையில் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 2(1)(ஜேஏ)-வைக் காட்டி ஆட்சேபம் வந்தது: புதிதாக இருந்தால் போதாது, கண்டுபிடிப்புப் படி (inventive step) இருக்க வேண்டும் என்று. எனக்கு எதிராக டி1, டி2 என்று இரண்டு பழைய ஆவணங்களைக் காட்டினார்கள். டி1 ஒரு ஃபிளாட் ஃபேஸ் கப்ளிங், தட்டையான இரண்டு முகங்கள் ஒட்டிச் சேரும் வகை. டி2 சிலிண்டர் லைனில் போடும், குட்டி வால்வு உள்ள செக் வால்வு (எண்ணெயை ஒரே திசையில் விடும் வால்வு). இரண்டையும் சேர்ப்பது இத்துறையில் தேர்ந்தவருக்கு வெளிப்படையாகத் தெரியக்கூடியதே என்றார்கள். பதில் தர 6 மாதம்.

முதலில் வந்தது கோபம்தான். "உலகத்தில் யாரும் இதைச் செய்யவில்லை" என்று 4 பக்கம் எழுதினேன். என் காப்புரிமை ஏஜென்ட் படித்துவிட்டு, "சார், இது புதுமைக்கான பதில். அவங்க கேக்கறது வேற" என்று ஓரமாக வைத்துவிட்டார். 1978-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பிஷ்வநாத் பிரசாத் வழக்கைப் படிக்கச் சொன்னார். பாத்திரத்துக்கு மெருகேற்றும்போது அதை லேத்தில் பிடித்து வைக்கும் முறை பற்றியது. தெரிந்த பாகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மட்டும் போதாது என்று அதில் இருந்தது. லேத்காரனான எனக்கு அது உறைத்தது.

அப்புறம்தான் டி2-வின் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன். அந்த வால்வு எப்போதும் மூடிய உடலுக்குள் இருக்கிறது. எப்போது திறந்தாலும் எண்ணெய் வெளியே வராது. அதை அப்படியே டி1-இல் வைத்தால், இரண்டு முகமும் தொட்ட உடனே, ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) அடைக்கும் முன்பே குட்டி வால்வு திறந்துவிடும். இது எனக்கு எப்படித் தெரியும்? என் முதல் மாதிரி அதைத்தான் செய்தது. சட்டையெல்லாம் எண்ணெய். ஓ-ரிங் முதலில் அடைத்து, பிறகே பின் தள்ளும்படி பின்னைக் குட்டையாக்கிய பிறகுதான் சரியானது.

தூக்கிப் போட இருந்த அந்த மாதிரியையே படம் வரைந்து, சோதனை விவரத்தோடு பிரமாணப் பத்திரமாக இணைத்தோம். ஹியரிங் வீடியோவில் நடந்தது. விசாரித்து முடிவு செய்யும் காப்புரிமை அதிகாரியான கன்ட்ரோலர் ஒரே கேள்வியைத்தான் விடாமல் கேட்டார்: "இந்த வரிசை உங்கள் கிளெய்மில் எங்கே இருக்கிறது?" கிளெய்ம் என்றால், எதற்கு உரிமை கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் எழுதும் வாசகம்.

இல்லை. விளக்கவுரையிலும் படத்திலும் இருந்தது. கிளெய்ம் 1-இல் வெறும் 'குட்டி வால்வு' என்றுதான் எழுதியிருந்தோம். அந்த அளவில் ஆட்சேபம் நியாயமானதே.

ஹியரிங் முடிந்த 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வ வாதத்தோடு கிளெய்மைத் திருத்திக் கொடுத்தோம்: அடைப்பு முதலில், அழுத்தம் இறங்குவது பிறகு, பெரிய பாப்பெட் கடைசியில். கப்ளிங்கைக் குண்டுகளால் பூட்டிப் பிடிக்கும் வளையமான பால் லாக் ஸ்லீவ் பற்றிய கிளெய்ம் 4-ஐ நீக்கினோம். அது எல்லாப் பட்டறையிலும் இருப்பதுதான். காப்புரிமை கிடைத்தது, நான் கேட்டதைவிடக் குறுகலாக. அந்தக் குட்டைப் பின்னை 2 மி.மீ. நீளமாக்கி யாராவது செய்தால் அது என் காப்புரிமைக்குள் வராது. ஆனால் அவர்களுக்கும் சட்டை நனையும்.