தாத்தாவின் வெப்ளி என் பெயருக்கு வந்த கதை

எங்கள் வீட்டில் ஒரு ரிவால்வர் இருக்கிறது. வெப்ளி மார்க் 6, காலிபர் (குண்டின் குறுக்களவு, அங்குலக் கணக்கில்) .455. பிரிட்டிஷ் ராணுவம் 1915இல் ஏற்றுக்கொண்ட மாடல். எங்களுடையதில் 1917 என்று வருடம் பொறித்திருக்கும். தாத்தா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். 1951இல் எஸ்டேட் துரை சீமைக்குத் திரும்பும்போது, சேலம் கலெக்டரிடம் முறைப்படி அனுமதி வாங்கித் தாத்தா பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். 1981இல் அது அப்பாவுக்கு வந்தது. அப்பாவிடமிருந்து என் கைக்கு வர மூன்றரை வருடம் ஆனது. எங்கள் தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டை பக்கம் பழைய லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் அந்தத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் இவ்வளவு அலைச்சல் எதற்கு என்று புரியாது.

தோட்டா இல்லாமலே ஒரு கிலோவுக்கு மேல் எடை. 6 அங்குலக் குழல். பின்பக்கம் கட்டைவிரலால் ஒரு கொக்கியைத் தள்ளினால், குழலும் சிலிண்டரும் (தோட்டா போடும் உருளை) சேர்ந்து முன்னால் கவிழும். கவிழும்போதே நடுவிலிருந்து ஒரு நட்சத்திரத் தகடு எழும்பி, ஆறு வெற்றுத் தோட்டாக் கூடுகளையும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளிவிடும். நூறு வருடம் கழித்தும் அந்தக் கொக்கி மூடும்போது 'டக்' என்று ஒரே சத்தம்தான் வரும், ஆட்டம் கிடையாது. குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் உள்ளே ஏழு வரிகள் வலப்பக்கமாகச் சுழன்றுகொண்டு போகும். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை அப்பா எண்ணெய் போடும்போது, அந்த ஏழையும் எண்ணச் சொல்லுவார்.

அது வெடித்து நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். 1994, கார்த்திகை மாதம். எனக்குப் பன்னிரண்டு வயது. ஜவளகிரிக் காட்டுப் பக்கமிருந்து வந்த யானைகள் எங்கள் ராகிக் கொல்லையில் இறங்கிவிட்டன. தகரம் தட்டியாயிற்று, பட்டாசு போட்டாயிற்று, அசையவில்லை. அப்பா கரையோரம் போய் நின்று, மண் வரப்பைப் பார்த்து இரண்டு முறை சுட்டார். பட்டாசு மாதிரி காதைக் கிழிக்கும் என்று நினைத்துக் காதைப் பொத்தியிருந்தேன். அப்படி இல்லை. பெரிய உரலை யாரோ தூக்கித் தரையில் போட்ட மாதிரி, கனமாக, அடிவயிற்றில் இறங்கிற்று. காரணம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்தத் தோட்டா வினாடிக்கு 600 அடி சுமாருக்குத்தான் போகும். ஒலியின் வேகம் 1,100 அடி. ஒலியைத் தாண்டிப் போகும் தோட்டாவுக்குத்தான் அந்தச் சாட்டையடிச் சத்தம் வரும். வெப்ளியின் பலம் வேகத்தில் இல்லை, எடையில் இருக்கிறது.

மறுநாள் வரப்பைத் தோண்டி ஒரு ஈயக் குண்டை எடுத்தேன். முனை நசுங்கி, காளான் மாதிரி விரிந்திருந்தது. ஊரில் ஆசாரியிடம் கொண்டுபோய்த் தராசில் வைத்துப் பார்த்தோம். 17 கிராம், இரண்டு பவுனுக்கு மேல். அந்தக் குண்டு இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. பெரிய காலிபர் ரிவால்வர்கள் மேல் எனக்குள்ள பித்து அன்றைக்குப் பிடித்தது. 1932இல் பிரிட்டிஷ் ராணுவமே இதைக் கைவிட்டு .38க்கு மாறிவிட்டது. கனமான துப்பாக்கிக்குச் சிப்பாயைப் பழக்குவது சிரமம் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனாலும் .455ஐக் கையில் எடுக்கும்போது வரும் நிறைவு எனக்கு வேறு எதிலும் வரவில்லை.

நம் நாட்டில் இந்த ஆசைக்குச் சட்டம் விடுகிற இடம் சிறியது. சாதாரண ஆள் லைசென்ஸ் வாங்கி வைத்துக்கொள்ளக்கூடிய ரிவால்வர் பெரும்பாலும் .32தான். .455, .380 தோட்டா போகிற ரிவால்வர், ராணுவத்தின் 9 எம்.எம். பிஸ்டல் எல்லாம் தடை செய்யப்பட்ட வகை. துப்பாக்கிக் கடைக்காரர்கள் 'பி.பி.' (புரோஹிபிட்டட் போர்) என்பார்கள். அதற்கு லைசென்ஸ் கொடுப்பது கலெக்டர் இல்லை, டெல்லியில் உள்துறை அமைச்சகம். போதாததற்கு, 2019 திருத்தத்தில் ஒருவர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கி எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். வாரிசாக வந்தாலும் அதே கணக்குதான். சேகரிப்பவனுக்கு இது வலிக்கிறது. திருத்தத்தில் ஒரு நல்லது, லைசென்ஸ் காலம் மூன்று வருடத்திலிருந்து ஐந்தாக நீண்டது.

இனி நடந்தது.

2021 சட்டமன்றத் தேர்தல் அறிவித்ததும், வழக்கம்போல லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். மார்ச் முதல் வாரம் அப்பா கொண்டுபோய்க் கொடுத்து, ரசீது வாங்கி வந்து பீரோவில் வைத்தார். மே 2ஆம் தேதி ஓட்டு எண்ணி முடிந்தது. போய் எடுத்துவரலாம் என்பதற்குள் ஊரடங்கு. மே 19ஆம் தேதி கொரோனாவில் அப்பா போய்விட்டார். எழுபத்து மூன்று வயது.

காரியம் முடிந்த பிறகுதான் ரசீது ஞாபகம் வந்தது. லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் அந்த லைசென்ஸில் வீட்டில் யாரும் துப்பாக்கியை வைத்திருக்க முடியாது. தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். எங்களுடையது ஏற்கெனவே ஸ்டேஷனில் இருந்ததால், இறப்புச் சான்றிதழ் நகலோடு கடிதம் எழுதிக் கொடுத்து, வாரிசுக்கு விண்ணப்பிக்கும் வரை அங்கேயே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். வீட்டில் மிச்சமிருந்த பதினோரு தோட்டாக்களையும் கொடுத்துவிட்டேன். பித்தளை பச்சை பூத்து, யார் சுட்டாலும் ஆபத்து என்ற நிலையில் இருந்தன.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2016 ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்தாரருக்கு எழுபது வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். அப்பாவுக்கு இரண்டு தகுதியும் இருந்தது. அவரும் நானும் ஒன்றாகப் போய்க் கேட்டிருந்தால், எந்தக் கேள்விக்கும் அவரே பதில் சொல்லியிருப்பார். நாங்கள் செய்யவில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால் இந்த வாரமே பேசுங்கள்.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவையில் பதிந்தேன். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரித்துத் தாசில்தார் கொடுத்தார். அம்மாவும் தங்கையும் ஆட்சேபணை இல்லை என்று நோட்டரியிடம் கையெழுத்துப் போட்டார்கள். அரசு மருத்துவமனையில் உடல், மனநலச் சான்று. மனநல மருத்துவர் அரை மணி நேரம் பேசினார். தூக்கம் எப்படி, குடி உண்டா, வீட்டில் சண்டை வந்தால் என்ன செய்வீர்கள் என்று நிதானமாகக் கேட்டார். சம்பிரதாயத்துக்குக் கேட்காமல் உண்மையாகவே கேட்டார், அது எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுச் சுவரில் போல்ட் போட்டு இரும்பு லாக்கர் மாட்டினேன்.

பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் கட்டாயம். வெளி மாவட்டத்தில் ஒரு ரைபிள் கிளப்பில் முடித்தேன். அங்கே கொடுத்தது கான்பூரில் செய்த .32 ரிவால்வர். அதைக் கையில் வாங்கியதும் சிரிப்பு வந்துவிட்டது. அதே பின்கொக்கி, அதே முன்கவிழ்ப்பு, அதே நட்சத்திரத் தகடு. வெப்ளியின் .38 மாடலைப் பார்த்துச் செய்ததுதான் அது. எங்கள் தாத்தா துப்பாக்கியின் பேரன். பயிற்சியாளர் முதல் நாள் தோட்டாவையே கண்ணில் காட்டவில்லை. காலி என்று தெரிந்தாலும் திறந்து பார், குழல் முனை ஒருபோதும் மனிதர் பக்கம் திரும்பக் கூடாது, குறி வைத்துச் சுடத் தீர்மானிக்கும் வரை விரல் விசைக்கு வெளியே. நாள் முழுக்க இதுதான். மறுநாள் 25 மீட்டரில் இருபது தோட்டா சுட்டேன். முதல் ஆறும் இடது கீழே போய் விழுந்தன. விசையை அழுத்தாமல் இழுக்கிறாய் என்றார். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, எப்போது வெடிக்கும் என்று எனக்கே தெரியாதபடி மெல்ல அழுத்தியபோது, ஏழாவது தோட்டா கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தது. இப்போது மாதம் ஒரு தடவை அங்கே போகிறேன். வெப்ளியைக் கொண்டுபோய்ப் போட்டியில் கலந்துகொள்ள முடியாது. சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டிக்கு 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர் வரைதான் அனுமதி, இது 11 மில்லிமீட்டரைத் தாண்டும்.

2022 ஜனவரியில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும் ஏ-1 படிவத்தை ஆன்லைனில் நிரப்பி, பிரதி எடுத்துக் கலெக்டர் ஆபீஸில் கொடுத்தேன். விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டர் லாக்கரை ஆட்டிப் பார்த்துவிட்டு, "தோட்டாவே கிடைக்காத துப்பாக்கி எதுக்குங்க உங்களுக்கு?" என்றார். பாதுகாப்புக்கு, யானைக்கு என்று ஏதாவது சொல்லும்படி சிலர் யோசனை சொல்லியிருந்தார்கள். நான் அந்த ஈயக் குண்டை எடுத்து அவர் கையில் வைத்து, உள்ளதைச் சொன்னேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் உருட்டிப் பார்த்துவிட்டு, "பரம்பரைச் சொத்து, பராமரிக்க விரும்புகிறார்" என்று எழுதிக்கொண்டார்.

முதல் சிக்கல் எண்ணில் வந்தது. ஆயுதப்படை ஆர்மரர் (துப்பாக்கிகளைப் பராமரிப்பவர்) வந்து துப்பாக்கியைச் சோதித்தபோது, உடலில் உள்ள எண் 3 என்று முடிவதாகக் குறித்தார். அப்பாவின் லைசென்ஸில் 8. எல்லா லைசென்ஸையும் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது, படிவத்தை அப்பாவே நிரப்பிக் கொடுத்திருக்கிறார். மூக்குக்கண்ணாடியோடு அந்தத் தேய்ந்த எழுத்தைப் பார்த்து 8 என்று படித்துவிட்டார். அதை நிரூபிக்க, இன்ஸ்பெக்டர் அனுமதியோடு ஸ்டேஷனிலேயே மேசை மேல் துணி விரித்தோம். ஏட்டய்யா பக்கத்தில் நின்று செல்போன் டார்ச் பிடித்தார். பழைய டூத் பிரஷ்ஷில் எண்ணெய் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். துரு கரைந்து வழிய வழிய, எண்ணின் இடப்பக்கம் அரிப்பு விழுந்த இரண்டு குழிகள் தெரிந்தன. அந்தக் குழிகள்தான் 3ஐ 8 ஆக்கியிருந்தன. சிலிண்டரிலும் அதே எண் அடித்திருக்கும். அங்கே துரு இல்லை, தெளிவாக 3. போட்டோ எடுத்து, பிரமாணப் பத்திரம் சேர்த்துக் கொடுத்ததும் திருத்தினார்கள்.

அடுத்தது இதைவிடப் பெரியது. பி.பி. என்பதால் கோப்பு சென்னை வழியாக டெல்லி போனது. ஒன்பது மாதம் கழித்து ஒரு கேள்வியோடு திரும்பியது: தாத்தா காலத்திலிருந்து லைசென்ஸ் அறுபடாமல் தொடர்ந்ததற்கு ஆதாரம் எங்கே?

எங்கள் ஊர் இடம் மாறவில்லை, மாவட்டம் மூன்று மாறிவிட்டது. 1951இல் நாங்கள் சேலம் ஜில்லா. 1965 அக்டோபர் 2 முதல் தர்மபுரி. 2004 பிப்ரவரி 9 முதல் கிருஷ்ணகிரி. தாத்தாவின் லைசென்ஸ் புத்தகம் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. கெட்டி அட்டை, ஊதா மையில் சேலம் சீல் வரிசையாக. ஆனால் 1964 முதல் 1967 வரையிலான பக்கங்களை ராமபாணப் பூச்சி சல்லடையாக்கியிருந்தது. மாவட்டம் பிரிந்த அந்த வருடங்களேதான். அடுத்த பக்கத்தில் தர்மபுரி சீல் பளிச்சென்று இருக்கிறது. நடுவில் பாலம் இல்லை.

சேலத்துக்குப் போனேன். பிரிந்த தாலுகாக்களின் பதிவேடு தர்மபுரிக்கு அனுப்பப்பட்டிருக்கும் என்றார்கள். தர்மபுரி கலெக்டர் ஆபீஸுக்கு எட்டுத் தடவை போனேன். அங்கே பதிவறையில் இருந்த அம்மா, ஓய்வுக்குச் சில மாதங்களே பாக்கி உள்ளவர், மூக்கில் துணி கட்டிக்கொண்டு சிவப்புத் துணி மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தார். எட்டாவது தடவை நான் வாசலில் நுழையும்போதே கையைக் காட்டிக் கூப்பிட்டார். 1966ஆம் வருடப் பதிவேடு. தாத்தாவின் பெயர், ஊர், 'ரிவால்வர் .455 வெப்ளி', எண் 3இல் முடிகிறது, பக்கத்தில் 'சேலத்திலிருந்து மாற்றம்'. நான் திருத்தச் சொல்லி அலைந்த எண்ணும் அங்கே சரியாகவே இருந்தது. அந்த வரியைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். அந்த அம்மா தண்ணீர் கொடுத்தார். சான்றிட்ட நகல் வாங்க இன்னொரு வாரம்.

அதற்குப் பிறகு வேலை எதுவும் இல்லை, காத்திருப்புதான். 2024 நவம்பரில் அனுமதி வந்தது. லைசென்ஸில் என் பெயர், .455, சரியான எண்.

ஸ்டேஷனுக்கு அம்மாவையும் அழைத்துப் போனேன். ஏட்டய்யா மாற்றலாகிப் போயிருந்தார். ஆனால் துப்பாக்கியைச் சுற்றியிருந்த துணியில் எண்ணெய் ஈரம் இருந்தது. போகும்வரை அவரே அவ்வப்போது துடைத்து வைத்தார் என்று ரைட்டர் சொன்னார். பதிவேட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார். 2021 மார்ச், வரிசை எண், துப்பாக்கி விவரம், ஒப்படைத்தவர் என்ற இடத்தில் அப்பாவின் சாய்ந்த தமிழ்க் கையெழுத்து. அந்த வருடம் ஒப்படைத்த மற்ற எல்லாருக்கும் எதிரில் 'திரும்பப் பெற்றவர்' என்ற கட்டம் நிரம்பியிருந்தது. அப்பாவின் வரியில் மட்டும் காலி. அம்மா அந்தக் கையெழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். அவர் விரலை எடுத்ததும் பக்கத்துக் கட்டத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.