பனிக்குள் மறையும் தேயிலைத் தடம்

குன்னூர்ச் சரிவைப் படமெடுத்தவர்கள் பலருக்கும் ஒரே குறைதான்: "நேரில் பார்த்த அழகு படத்தில் வரலையே!" பெரும்பாலும் பிழை ஒளி அளவில் இருக்கிறது. கேமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். அதனால்தான் வெண்பனி அழுக்காகத் தெரிகிறது. ஒளிமானி சொல்வதைவிடப் படத்தை வெளிச்சமாக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +2/3 முதல் +1 வரை ஏற்றிவிட்டு, ஹிஸ்டோகிராமைப் (இருள் இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாகக் காட்டும் வரைபடம்) பாருங்கள். மேடு வலப்பக்கம் நகர்ந்திருக்க வேண்டும், ஆனால் ஓரத்தில் முட்டக் கூடாது. முட்டினால் அந்த வெள்ளையில் இருந்த விவரம் போனது போனதுதான்.

அடுத்து, பார்வையைப் படத்துக்குள் இழுத்துச் செல்லும் கோடு. புதர்களுக்கு நடுவே கொழுந்து பறிப்பவர்கள் நடக்கும் தடம் இருக்கிறதே, அதைவிட நல்ல கோடு இந்த மலையில் கிடையாது. படத்தின் கீழ்மூலைக்குச் சற்று உள்ளே தொடங்கட்டும். சரியாக மூலையிலேயே குத்தினால் பார்வை வெளியே வழுக்கிவிடும். தடம் முடியும் இடத்தில் ஒரு சில்வர் ஓக் மரமாவது நிற்க வேண்டும். வெறும் பனியில் முடிந்தால் கண்ணுக்குத் தங்க இடமில்லை. ஜூமைத் திருகாமல் இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து பாருங்கள், வளைவே மாறிவிடும்.

இலைகளின் சொரசொரப்புக்குக் காலை ஏழரை மணியின் பக்கவாட்டு வெயில் போதும். உச்சி வெயிலில் அதே புதர்கள் தட்டையாகிவிடும். ஈர இலை பளபளத்தால், லென்ஸின் முன் மாட்டும் பளபளப்பைக் குறைக்கும் வடிகட்டியான போலரைசரைச் சுழற்றுங்கள். ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சம் குறையும், ஷட்டர் மெதுவாகிப் படம் கலங்காதபடி அதன் வேகத்தைக் கவனியுங்கள்.

ஊட்டி அருகிலுள்ள தொட்டபெட்டா சிகரத்திலிருந்து மலையடுக்கு எடுக்க, தொலைவை நெருக்கிக் காட்டும் 200 மி.மீ. லென்ஸ் நல்லது. தொலைவிலுள்ள மடிப்பு ஒவ்வொன்றும் வெளிறி நீலமாவதே படத்துக்கு ஆழம் தரும்.